ஹெரால்டு சேஸிஸ், எம்.ஜி. முகம்: இந்தக் கிட் வண்டியைச் செஞ்சது யாரு?

வேலந்தாவளம்_வண்டி

வணக்கம்ங்க. தமிழ்நாடு-கேரளா எல்லையில வேலந்தாவளம் தாண்டி கொழிஞ்சாம்பாறை ரோட்டுல, ஒரு தென்னந்தோப்பு ஷெட்டுல ரெண்டு சீட் வண்டி ஒண்ணு விலைக்கு நிக்குது. பார்வைக்கு அச்சு அசல் எம்.ஜி. டிடி, அந்தப் பழைய இங்கிலாந்துத் திறந்த கார். கிரில்லுல எட்டுமூலை பேட்ஜ் இருக்கு. பானெட்டைத் தூக்கினா உள்ளே ஸ்டாண்டர்டு ஹெரால்டு (இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டை மெட்ராஸ்ல செஞ்ச கார்) எஞ்சின். மட்கார்டு நாலும் ஃபைபர். நடு பாடி அலுமினியத் தகடு, அதுக்குள்ளே பிளைவுட். மேக்கர் பிளேட் எங்கயும் இல்லை. ஆர்.சி. பழைய கே.எல்.பி. (பாலக்காடு) நம்பர்.

விக்கறவரு "லண்டன்ல இருந்து கப்பல்ல வந்த கிட்"ங்கறாரு, அதாவது பாடியைத் துண்டு துண்டா வாங்கி வேற கார் சேஸிஸ் மேல பூட்டிக்கற செட். விலையும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் சொல்றாரு. எந்தக் கம்பெனி கிட்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எதை எதை அளந்து வரட்டும்?

ஹெரால்டு948

முதல்ல பேட்ஜை மறந்துருங்க. எட்டுமூலை பேட்ஜ் காசு குடுத்தா எங்கயும் கிடைக்கும். ஹெட்லைட், மீட்டர், ஸ்டீயரிங் எல்லாம் அப்படித்தான், அம்பது வருசத்துல நாலு தடவை மாறியிருக்கும். கீழே படுத்து அடியிலிருந்து மேலே வாங்க.

வீல்பேஸ் அளக்கறதுக்கு: ஸ்டீயரிங்கை நேரா வச்சுட்டு, முன் ஹப் நடுவுல இருந்தும் பின் ஹப் நடுவுல இருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில சாக்பீஸ் புள்ளி வைங்க. ரெண்டு பக்கமும் தனித்தனியா அளங்க. ரெண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா சேஸிஸ் வளைஞ்சிருக்கு, இல்லாட்டி புஷ் போயிருக்குன்னு குறிச்சு வைங்க. வர்ற எண்ணை வச்சுப் பாதிப் பேரைக் கழிச்சிரலாம்:

2324 மி.மீ. (91.5 அங்குலம்) வந்தா ட்ரையம்ஃப் ஹெரால்டு அல்லது விட்டெஸ்.
2108 (83 அங்குலம்) வந்தா ட்ரையம்ஃபோட ஸ்பிட்ஃபயர் அல்லது ஜிடி6.
2400 (94.5 அங்குலம்) வந்தா ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அமெரிக்காவுல வந்த டிடி நகல் கிட்டெல்லாம் பெரும்பாலும் இந்த பீட்டில் தளத்து மேலதான். எஞ்சின் பின்னால இருக்கும், முன்னால ரேடியேட்டர் மூடி வெறும் பொம்மை. உங்களுது முன்னால எஞ்சின்ங்கறதால அந்தக் கூட்டமே அவுட்.

அசல் எம்.ஜி. டிசி, டிடி, டிஎஃப் மூணுக்குமே வீல்பேஸ் 94 அங்குலம், அதாவது 2388. இந்த எண்ணை மனசுல வைங்க, பின்னால வேலைக்கு ஆகும்.

அப்புறம் பின் சஸ்பென்ஷன். டிஃபரன்ஷியல் தலைக்கு மேல குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங் போய், ஆக்சில் ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆடுதா? அது ஸ்விங் ஆக்சில், ஹெரால்டு. அப்படி இல்லாம ஒரே துண்டா லைவ் ஆக்சில் இருந்தா கெசல், ஹெரால்டுக்கு அப்புறம் ஸ்டாண்டர்டு விட்ட கார். நம்ம மெக்கானிக்குகளும் வாங்கறவங்களும் ஸ்விங் ஆக்சிலை நம்பலைன்னு ஸ்டாண்டர்டு கம்பெனி கெசல்ல அதைத் தூக்கிருச்சு. கெசல் 70கள்ல, 77 வரைக்கும் வந்த வண்டி.

வீல் நட்டு நாலா? எதிரெதிர் ஸ்டட் நடு மையங்களுக்கு இடையில 95 மி.மீ. வந்தா ட்ரையம்ஃப் குடும்பம்.

எஞ்சின் பிளாக் நம்பரையும் போட்டோ எடுங்க. இந்திய ஹெரால்டு கடைசி வரைக்கும் 948 சிசி. இங்கிலாந்துல 61லயே 1147க்குப் போயிட்டாங்க. 70கள்ல அங்கே கட்டின கிட்டுக்குள்ள 948 இருக்கறது அபூர்வம்.

பீளமேடு_பேட்டர்ன்

ஹெரால்டு சேஸிஸ் மேல கட்டின இங்கிலாந்துக் கிட்டுகள்ல முக்கியமானவை:

ஜென்ட்ரி. ஆர்எம்பிங்கற கம்பெனி, 70களோட நடுவுல. டிஎஃப் நகல், டிடி இல்லை. டிஎஃப்ல ஹெட்லைட் மட்கார்டோட சேர்ந்து புதைஞ்ச மாதிரி இருக்கும், கிரில் பின்னால சாஞ்சிருக்கும். டிடில ஹெட்லைட் ரேடியேட்டர் கூட்டுக்குப் பக்கத்துல தனியா நிக்கும். உங்களுதுல எப்படி?

ஸ்பார்ட்டன். நாட்டிங்ஹாம்காரங்க, 1973ல ஆரம்பம். பழைய காலத்து முகம் உண்டு, ஆனா எந்த அசல் வண்டிக்கும் நகல் இல்லை. மட்கார்டு நீளமா அலை மாதிரி ஓடும். ஒரு தடவை பாத்தா அப்புறம் குழப்பம் வராது.

மாஸ், பர்லிங்டன், மார்லின் மூணும் 80களை ஒட்டி. டிடி முகம் எதுலயும் இல்லை.

மிட்ஜ். இது கிட் இல்லை, வரைபடம். காசு குடுத்து பிளான் வாங்கி, பிளைவுட்ல அறுத்து, மேல அலுமினியம் ஒட்டணும். அப்படிக் கட்டினதுல மேக்கர் பிளேட்டே இருக்காது, ஏன்னா மேக்கர் கட்டினவர்தான். பிளைவுட்-அலுமினியம்னு நீங்க சொன்னதும் நிறைய பேர் "மிட்ஜ்"னு குதிப்பாங்க. குதிக்க வேண்டாம். மிட்ஜோட பின்பக்கமும் மட்கார்டும் 30கள் சாயல், டிடி மாதிரி புடைச்சு இருக்காது. பிளைவுட் மேல தகடு அடிக்கறது எல்லா ஊர் பாடி பட்டறைக்கும் தெரிஞ்ச வேலைதான். நம்ம பஸ் பாடி கட்டறவங்க மரச்சட்டத்து மேல தகடு அடிச்ச காலமும் உண்டு.

லண்டன் கப்பல் கதை பத்தி: அந்தக் காலத்துல கார் பாகம் இறக்குமதின்னா லைசென்ஸ் வேணும். ஒரு முழு பாடி கிட்டை வரவழைச்சிருந்தா கஸ்டம்ஸ் காகிதம் ஏதாவது ஒண்ணு வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கும். கேட்டுப் பாருங்க. காகிதம் இல்லைன்னா கதைக்கு விலை குடுக்காதீங்க.

வேலந்தாவளம்_வண்டி

அளந்தாச்சுங்க. இடது 2322, வலது 2325. குறுக்கு லீஃப் ஸ்பிரிங், ஸ்விங் ஆக்சில். நாலு நட்டு, 95. பிளாக் 948. ஹெட்லைட் தனியா ரேடியேட்டர் பக்கத்துல நிக்குது, அதனால டிடிதான். கஸ்டம்ஸ் காகிதம் ஒண்ணும் இல்லைங்கறாங்க. பின் வீல் மட்டும் மட்கார்டுக்குள்ள ரொம்ப உள்ளே போன மாதிரி தெரியுது.

ஹெரால்டு948

பின் வீல் உள்ளே போனது நல்ல தடயம். டிடியோட பின் டிராக் (ரெண்டு பின் வீலுக்கும் நடுவுல உள்ள தூரம்) 50 அங்குலம், ஹெரால்டு 48. பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளேதான் நிக்கும். வீலும் டிடிக்கு 15 அங்குலம், ஹெரால்டுக்கு 13. அதனால வளைவுக்குள்ள வெத்திடம் அதிகமாத் தெரியும். ஹெரால்டுக்குன்னே மட்கார்டு வடிச்சவன் இந்த ரெண்டையும் சரிக்கட்டி, வளைவைச் சின்னதாக்கி, ஒரு அங்குலம் ஒடுக்கியிருப்பான். உங்க வண்டியில அசல் டிடி அளவு அப்படியே உக்காந்திருக்கு.

பீளமேடு_பேட்டர்ன்

அப்படின்னா நீளத்துலயும் கணக்கு இடிக்கணுமே. டிடி 2388, சேஸிஸ் 2324. 64 மி.மீ., அதாவது ரெண்டரை அங்குலம் எங்கயோ போயிருக்கு. தம்பி, முன் மட்கார்டும் ஃபுட்போர்டும் ஒரே துண்டா வடிச்சிருக்கா? அப்படி இருந்தா ஃபுட்போர்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. குறுக்கே வெட்டி ஒட்டின ஜாயிண்ட் ஒண்ணு இருக்கணும். மேல் பக்கம் பெயிண்டு, பட்டி எல்லாம் மறைச்சிருக்கும். அடியில மறைக்க யாரும் மெனக்கெட மாட்டாங்க.

அந்த ஜாயிண்ட்டை எப்படிப் படிக்கறதுன்னும் சொல்லிடறேன். பத்து வண்டி, இருபது வண்டி செய்யற கம்பெனி மோல்டையே வெட்டிச் சின்னதாக்கும். அப்போ வடிச்ச துண்டுல ஜெல் கோட் (ஃபைபரோட மேல் பூச்சு) அந்த இடத்துல தொடர்ச்சியா ஓடும், மெலிசா ஒரு கோடு மட்டும் தடிச்சுத் தெரியும், அதுவும் எல்லாத் துண்டுலயும் ஒரே இடத்துல. வடிச்ச துண்டையே வெட்டி ஒட்டியிருந்தா ஜெல் கோட் அறுந்து நடுவுல பட்டி நிக்கும், உள்பக்கம் மேட் (கண்ணாடிநார் விரிப்பு) பட்டை தனியா ஒட்டியிருக்கும். அது ஒத்தை வண்டி வேலை.

கண்ணாடிநார்

ஃபைபர் பக்கம் நான் சொல்றேன். மட்கார்டோட உள்பக்கம் அண்டர்கோட் இருந்தா மண்ணெண்ணெய் தொட்ட துணியால ஒரு அடி சதுரம் துடைங்க. தின்னர் வேண்டாம், பெயிண்டு வரைக்கும் இறங்கிரும். அப்புறம் இதையெல்லாம் பாருங்க:

நார் எப்படி விழுந்திருக்கு. எல்லாத் திசையிலயும் ரெண்டு அங்குலத் துண்டுகளாக் கிடந்தா சாப்டு மேட், கையால போட்டது. சாக்குத் துணி மாதிரி கட்டம் கட்டமா இருந்தா ரோவிங். பெரிய கம்பெனி வேலையில தடிமன் ஒரே சீரா 3 மி.மீ. கிட்ட வரும். கை வேலையில ஒரு மூலை 2, இன்னொரு மூலை 6. ஒரு போல்ட் ஓட்டையைக் கழட்டி, ஓட்டையோட விளிம்புல வெர்னியர் வச்சு நாலஞ்சு இடம் அளந்தாப் போதும்.

ரிப். பெரிய மட்கார்டு ஆடாம இருக்க உள்பக்கம் முட்டு மாதிரி ஒரு மேடு ஓடும். அதுக்கு உள்ளே ஏதாவது வச்சு மேல மேட் போட்டிருப்பாங்க. இங்கிலாந்துல பேப்பர் கயிறு, ஃபோம், மரப்பட்டை. ரிப் எங்கயாவது வெடிச்சிருக்கும். அந்த வெடிப்புல உள்ளே என்ன தெரியுதுன்னு பாருங்க.

அசல் மட்கார்டுல இருந்து மோல்டு எடுத்தாங்களாங்கறது. இரும்பு மட்கார்டு மேலேயே மெழுகு பூசி நேரா மோல்டு எடுத்தா, அந்த இரும்போட குறை எல்லாம் நகல்ல இறங்கிரும். பழைய வெல்டிங் ஒட்டு, சுத்தியல் மேடு, போல்ட் தலை உக்காந்த பள்ளம். பக்கவாட்டுல டார்ச்சைப் படுக்க வச்சு அடிச்சாத் தெரியும். பாலியெஸ்டர் ரெசின் காயறப்ப சுருங்கும், நகல் அசலைவிடக் கொஞ்சம் சின்னதாத்தான் வரும். அதனால அளவு மட்டும் வச்சு "அசல் டிடி இல்லை"ன்னு முடிவு கட்ட முடியாது.

வால்வு_தட்டி

ஒரு எதிர்க்கேள்வி. மட்கார்டு மட்டும் வெளிநாட்டு பீட்டில் கிட்டுல இருந்து வந்திருக்கலாமே? யாராவது துபாய்ல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ கொண்டாந்திருந்தா? பாலக்காட்டுப் பக்கம் கல்ஃப் சாமான் வராத வீடு உண்டா? பீட்டில் கிட்டும் டிடி முகம்தான், 94.5 அங்குலத்துக்குச் செஞ்சது. அதையும் வெட்டித்தான் ஹெரால்டுல உக்கார வச்சிருக்கணும். வெட்டு இருக்கறதை வச்சு உள்ளூர் வார்ப்புன்னு சொல்லிர முடியாது.

கண்ணாடிநார்

நியாயமான கேள்வி. பிரிச்சுப் பாக்க வழி இருக்கு. கிட் கம்பெனி மோல்டு எடுக்கறதுக்கு முன்னால மாதிரியைத் தேய்ச்சு, பட்டி போட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கிருவாங்க. வெல்டிங் ஒட்டோட நிழல் அதுல வராது. இந்த வண்டியில நிழல் இருந்தா, மெருகேத்தாத ஒரு பழைய இரும்பு மட்கார்டுல இருந்து நேரா எடுத்தது. ரிப்புக்குள்ள இருக்கற பொருளும் சொல்லிரும்.

வேலந்தாவளம்_வண்டி

எல்லாம் பாத்தாச்சுங்க.

ஃபுட்போர்டு முன் மட்கார்டோட ஒரே துண்டு. அடியில பின் மட்கார்டுக்கு ரெண்டு சாண் முன்னால குறுக்கே ஜாயிண்ட், ரெண்டு பக்கமும். உள்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு மேட் பட்டை. மேல இருக்கற நீள வரிகள் ஜாயிண்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 3 மி.மீ. விலகி நிக்குது. பெயிண்டைச் சுரண்டினா வெள்ளை ஜெல் கோட், நடுவுல சிவப்புப் பட்டி, மறுபடி வெள்ளை.

தடிமன் 2.5ல இருந்து 6 வரைக்கும்.

இடது பின் மட்கார்டு ரிப் வெடிச்சிருக்கு. உள்ளே இருக்கறது தேங்காய்நார்க் கயிறு. ரெசின் ஊறாம வறண்டு கிடக்கு, விரலால இழுத்தா நார் நாரா வருது.

வலது முன் மட்கார்டுல, டார்ச் படுக்க வச்சா உள்ளங்கை அகலத்துல ஒரு சதுர ஒட்டு நிழல் தெரியுது. சுத்திலும் வெல்டிங் மணி மாதிரி மேடு. இடது பக்கத்துல இல்லை.

இன்னொண்ணு. ஒவ்வொரு மட்கார்டுக்கும் உள்ளே ரெசினுக்கு அடியில பென்சில் எண் இருக்கு. நான் முதல்ல பாத்தது 4. நாலாவது வண்டியா இருக்குமோ? அப்போ இன்னும் மூணு வண்டி எங்கயாவது இருக்கணுமே?

பீளமேடு_பேட்டர்ன்

மத்த மூணுலயும் என்ன எண்ணு? 1, 2, 3ன்னு இருந்தா அது துண்டு எண். வண்டி எண்ணா இருந்தா நாலுலயும் 4னே இருக்கும்.

வேலந்தாவளம்_வண்டி

1, 2, 3, 4தாங்க. வலது முன் 1.

பீளமேடு_பேட்டர்ன்

அப்போ வரிசை எண் கிடையாது. மூணு வண்டியைத் தேடிப் போக வேண்டாம்.

கயிறு, ஒட்டு நிழல், அறுந்த ஜெல் கோட். மூணும் ஒரே பக்கம் கை காட்டுது. அசல் டிடி ஒண்ணு கைக்கு எட்டற தூரத்துல இருந்திருக்கு. அதோட மட்கார்டைக் கழட்டி மோல்டு எடுத்திருக்காங்க. நடு பாடியை ஹெரால்டு சேஸிஸ்க்குத் தகுந்த மாதிரி தனியாக் கட்டியிருக்காங்க. ஃபுட்போர்டு நீண்டு போச்சு, வெட்டி ஒட்டிட்டாங்க. கிட்டுன்னு ஒண்ணு இதுல இல்லவே இல்லை. கோயமுத்தூரா பாலக்காடாங்கறதை ஃபைபர் சொல்லாது. கயிறு ரெண்டு பக்கமும் கிடைக்கும்.

வால்வு_தட்டி

நடு பாடியோட போல்ட்டையும் பாத்துருங்க. சேஸிஸ்ல இருக்கறது யு.என்.எஃப்.ங்கற அங்குல மரை. 5/16 போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 24 மரை, அரை அங்குல ஸ்பேனர். எம்8 (மெட்ரிக்) போல்ட்டுக்கு 13 ஸ்பேனர். ரெண்டும் கைக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும், பிட்ச் கேஜ் வச்சாத்தான் பிரியும். விட்வொர்த்ங்கற பழைய இங்கிலாந்து மரைன்னா 5/16க்கு 18 மரை, பழைய தலைன்னா 15 மி.மீ. ஸ்பேனர் வரைக்கும் கேக்கும். இங்கிலாந்துல 70கள்ல கட்டினவன் விட்வொர்த் தேடி அலைய மாட்டான். நம்ம ஹார்டுவேர் கடையில அது ரொம்ப காலம் ஓடுச்சு. சேஸிஸ்ல யு.என்.எஃப்., பாடிச் சட்டத்துல விட்வொர்த்னு கலந்து இருந்தா உள்ளூர்க் கட்டுமானத்துக்கு இன்னொரு சாட்சி. எம்8 மட்டும் இருந்தா ஒண்ணும் சொல்லாது, பின்னால யாராவது மாத்தியிருக்கலாம்.

சட்டத்து டியூப் 2 அங்குலமா 50 மி.மீ.ஆங்கறதும் அப்படித்தான். 50.8 வந்தா அங்குலம். ஆனா அதை மட்டும் வச்சு நாடு பிரிக்க முடியாது. துருவைச் சுரண்டிட்டு அளக்கலைன்னா அளவே பொய்.

சித்தூர்_ஆர்சி

சித்தூர்னா நம்ம பாலக்காட்டுச் சித்தூருங்க, ஆந்திரா இல்லை. காகிதம் பத்தி மட்டும் சொல்றேன், விலை அங்கேதான் அடி வாங்கும்.

ஆர்.சி.ல மேக்கர்னு என்ன இருக்கு? "ஸ்டாண்டர்டு"ன்னு இருந்தா, சட்டப்படி செஞ்சது மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார்தான், உங்க ஆராய்ச்சி எல்லாம் சட்டத்துக்கு வெளியே. பாடி வகையில "சலூன்"னு இருந்து வண்டி திறந்த ரெண்டு சீட்டா நின்னா, மாத்தினதை எப்பவாவது பதிஞ்சாங்களான்னு பழைய ஆர்.சி. புத்தகத்துப் பின்பக்கங்கள்ல பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. பதிவு இல்லைன்னா எஃப்.சி. காட்டறப்ப சிக்கல்.

அம்பது வருசம் தாண்டின வண்டிதானே, விண்டேஜ்ல போட்டுரலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2021ல வந்த விண்டேஜ் விதியில சேஸிஸ், பாடி, எஞ்சின் பெருசா மாத்தியிருக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. விஏன்னு வர்ற விண்டேஜ் நம்பருக்கு 20,000 ரூபாய் கட்டற விண்ணப்பத்துல பாடியே வேறன்னா நிக்காது.

தமிழ்நாட்டுக்குக் கொண்டு போறதா இருந்தா பாலக்காட்டு ஆஃபீஸ்ல படிவம் 28ல என்.ஓ.சி. எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோட பொருந்துதான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால பென்சில் தேய்ச்சு எடுத்துருங்க. சேஸிஸ் நம்பர் பிளேட் பழைய பாடியோட ஸ்கிராப்புக்குப் போயிருந்தா அதுதான் பெரிய தலைவலி, மேக்கர் யாருங்கறது இல்லை.

வேலந்தாவளம்_வண்டி

பிளேட் இருக்குங்க, டேஷ் போர்டுக்குப் பின்னால திருகி வச்சிருக்காங்க. நம்பர் ஒத்துப் போகுது. ஆர்.சி. புத்தகத்துல பாடி மாத்தினது சீல் போட்டுப் பதிஞ்சிருக்கு, "ஓபன் டூ சீட்டர்"னு கையெழுத்துல. சட்டத்துப் போல்ட் விட்வொர்த், 18 மரை.

விக்கறவரு லண்டன் பேச்சை விட்டு இறங்கி வந்துட்டாரு. ஹெரால்டு விலைக்கு மேல கொஞ்சம் கேக்கறாரு, அது சரின்னு படுது. வாங்கிரலாம்னு இருக்கேன். பின் வீலை வெளியே கொண்டாற ஸ்பேசர் போடலாமா?

ஹெரால்டு948

25 மி.மீ. ஸ்பேசர் வேண்டாம். ஹெரால்டு பின் ஆக்சில் ஷாஃப்ட் ஹப் பக்கத்துல முறியறது பழைய வியாதி, வீலை வெளியே தள்ளத் தள்ள அந்த இடத்துக்குச் சுமை கூடும். ஸ்டட்டும் 3/8 அங்குலம்தான். கண்ணுக்கு உறுத்தினா மட்கார்டோட உள் விளிம்பைச் சட்டத்துக்கிட்ட ஒடுக்கிக் கட்டலாம், ஃபைபர்தானே.

கயிறு போட்ட ரிப்பைக் கிரைண்டர்ல முழுசா எடுத்துட்டு, ஃபோம் பட்டை வச்சு 450 கிராம் மேட் ரெண்டு அடுக்கு புதுசாப் போடுங்க. வறண்ட கயிறு மேல மேட் போட்டா மறுபடி அங்கேயே வெடிக்கும்.

கண்ணாடிநார்

ரெசின் கலக்கறப்ப ஒண்ணு. கோபால்ட்டை (ரெசினை வேகமா இறுக வைக்கற திரவம்) முதல்ல ரெசின்ல கலக்கிட்டு, அப்புறம் ஹார்ட்னரை 1.5 சதம் அளவுல விடுங்க. கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேருக்கு நேரா ஒரே டப்பாவுல சேர்ந்தா தீப்பிடிக்கும். பங்குனி வெயில்ல 1 சதமே போதும், இல்லாட்டி பிரஷ்லயே இறுகிரும்.

ஹெரால்டு948

வண்டியை ஓட்டிட்டு வர்ற யோசனை இருந்தா விட்டுருங்க. முன் வீல் கீழ் டிரனியன்ல (வீல் திரும்பற மரை மூட்டு) யாராவது கிரீஸ் அடைச்சிருப்பாங்க. அது இறுகி எண்ணெய் போகாம, மரை துருப்பிடிச்சு, திருப்பத்துல அந்த மூட்டுல நிக்கற வெர்ட்டிகல் லிங்க் முறியும். அதுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விடணும். லோடு வண்டியில ஏத்துங்க. பெல்ட்டை முன்னால விஷ்போன்லயும் பின்னால சேஸிஸ் ரயில்லயும் போட்டுக் கட்டுங்க. குறுக்கு லீஃப்ல கட்ட வேண்டாம். மட்கார்டு மேல பெல்ட் படவே கூடாது.